குவியலிலிருந்து ஓர் ஆணி

மலேசியாவில் கிள்ளான் நகரம். தைப்பூசத்துக்கு முந்தின நாள், காலை பதினொன்றரை. பட்டறையில் பழுக்கக் காய்ச்சிய எஃகுத் துண்டை மெஷின் கவ்வி, ஒரே அடியில் தலை வைத்துத் தண்டவாள ஆணியாகத் தள்ளுகிறது. ஆறிய குவியலில் ஓர் ஆணியை ரயில்வே அதிகாரி வளைத்துப் பார்ப்பார். விரிசல் விட்டால் அத்தனையும் மறுபடி உலைக்கு. யாரும் பத்துமலை முருகனைப் பார்க்கக் கிளம்ப முடியாது. தகராறு வராமலிருக்க, ஆணியை எடுப்பவர் வெளியாள். இன்று, குடையோடு அந்த வழியே போன நான். ஒவ்வொன்றாகப் புரட்டுகிறேன்.

"அங்கிள், பாசார்ல மாம்பழமா வாங்குறீங்க? சட்டுனு எடுங்க லா!" என்கிறார் மெஷின் ஓட்டும் மணியம்.

ஒன்றை எடுத்து அதிகாரியிடம் கொடுக்கிறேன். கொண்டை ஊசிபோல் மடிகிறது, விரிசலே இல்லை. கைதட்டல்.

"எதற்கும் இன்னொன்று பார்க்கலாமா?" என்கிறேன்.

மணியம் உலையை அணைத்துவிட்டு, என் குடையை எடுத்து வந்து கையில் கொடுக்கிறார்.