விராலிமலைச் சுருட்டும் மூணாவது புகாரும்

பாதி குடிச்சு முடிச்சப்பதான் அது சாமியோட சுருட்டுன்னு தெரிஞ்சுது.

டிக்கெட் கிழிக்கிறது சுலபம். ஏறுனவங்க மனசு கோணாம எறக்கி விடுறதுதான் கண்டக்டர் வேலை, தோள்ல பை மாட்டுனவங்களுக்கு அது தெரியும். எங்க ராஜா சமஸ்தானம் கலைஞ்சு ஒரு வருஷம்கூட ஆகலை, கரி போட்டு ஓட்டுற பஸ்ல நான் புதுசு. ரெண்டே மாசத்துல புகார் புஸ்தகத்துல என் பேரு ரெண்டு தடவை ஏறியிருந்துச்சு. மூணாவது ஏறுனா வேலை இல்லைன்னு மேனேஜர் சொல்லிட்டாரு.

பதினொண்ணுல ரெண்டு

விராலிமலையில எல்லாரும் எறங்குனப்புறம் சீட்டுல ஒரு கட்டுச் சுருட்டு கெடந்துச்சு. யாரோ மறந்துட்டாங்கன்னு நானும் டிரைவர் அண்ணனும் ஆளுக்கு ஒண்ணு பத்த வச்சோம். ஒரு அம்மா மூச்சு வாங்க ஓடி வந்தாங்க. வீட்டுக்காரருக்கு வயித்துல கட்டி, மறுநாள் ஆபரேஷன். மலை மேல முருகனுக்குப் பதினோரு சுருட்டு வைக்கிறதா வேண்டுதல்.

வாயில இருந்ததை மறைக்க வழியில்லை. கேக்குறதுக்கு முன்னாடி நானே புகார் புஸ்தகத்தை நீட்டிட்டேன். அவங்க அதைப் பார்க்கவே இல்லை, மிச்சத்தை எண்ணிக்கிட்டு இருந்தாங்க. "ஒம்போது இருக்கு. ரெண்டு கடையில வாங்கிக்கிறேன். நீங்க சொல்லுங்க தம்பி, காரமா இருக்கா? முருகனுக்குக் காரமா இருந்தாத்தான் பிடிக்கும்."

திரும்பிப் போன ஒரு மைல்

அறந்தாங்கி ரோட்டுல கரி போட நிறுத்துனப்ப, ஒரு ராவுத்தர் எறங்கிக் கம்மாயில கை கால் கழுவி, துண்டை விரிச்சுத் தொழ ஆரம்பிச்சிருக்காரு. கவனிக்காம விசில் அடிச்சுட்டேன். ஒரு மைல் தாண்டுனப்புறம் முன் சீட்டு ஆச்சி, "பாய் பொட்டி இங்கிட்டு இருக்கு, பாயைக் காணோமே" ன்னாங்க.

திரும்பிப் போனா, அவரு நிதானமா துண்டை உதறிக்கிட்டு இருந்தாரு. தப்பு என் மேலதான். ஆனாலும் பதட்டத்துல, "லேட்டாயிருச்சு பாய், வெரசா ஏறுங்க" ன்னு சொல்லிட்டேன். ஏறி ஒக்காந்தப்புறம்தான் பதில் வந்துச்சு. "ஒங்க வண்டிதான் தம்பி லேட்டு. நான் என் டயத்துக்குத்தான் எறங்குனேன்."

ஆவுடையார்கோவில் ஸ்டாப்

இன்னொரு நாள் இந்தக் கோயிலைப் பார்க்க ஏறுனவரு மதராஸ்ல ரிட்டையரான ஹெட் கிளார்க். வழி நெடுக நான்தான் கோயில் பெருமை பேசிக்கிட்டு வந்தேன். "போய் சாமியைப் பாருங்க சார், கண்ணுலயே நிப்பாரு." சாயங்காலம் மொகம் செவந்து திரும்பி வந்தாரு. "லிங்கம் இல்லை, நந்தி இல்லை, கொடிமரம் இல்லை. வெறும் பீடம். சோத்து ஆவிதான் நைவேத்தியமாம். யாரைப் பார்த்துட்டு வரச் சொன்னே?"

அங்க உருவம் இல்லாமத்தான் கும்பிடுவாங்க. எங்களுக்குப் பழகிப் போனதால சொல்லணும்னே தோணலை. அவரு புகார் புஸ்தகத்தை வாங்கி, அழகான கையெழுத்துல எழுதுனாரு: "கோயிலில் சாமி இல்லை என்பதைக் கண்டக்டர் முன்கூட்டியே தெரிவிக்கவில்லை."

மறுநாள் பையைக் கழட்டி மேனேஜர் மேசையில வச்சுட்டு நின்னேன். அவரு அந்தப் புகாரை ரெண்டு தடவை படிச்சாரு, புஸ்தகத்தை மூடுனாரு. "இதைப் புகார்னு எடுத்துக்கிட்டா, அங்க சாமி இருக்கா இல்லையான்னு நான் விசாரிச்சு ரிப்போர்ட் எழுதணும். பையை எடுத்துக்கிட்டு வண்டிக்குப் போடா."

அதுலேருந்து எந்தச் சாமிக்கு எந்த ஸ்டாப்புல எறங்கணும்னு மட்டும்தான் சொல்றேன், எப்படிப்பட்ட சாமின்னு வாயைத் தொறக்கிறதில்லை.