மதிலுக்கு வெளியே என் பிள்ளை

அறுபதுகளின் கடைசியில், பாகூர் பக்கம் ஒரு கிராமத்தில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. ஊரில் கிறிஸ்தவக் குடும்பம் என்றால் எங்கள் ஒரு வீடுதான். சுற்றிலும் நெல்லும் கரும்பும் வைக்கிற இந்துக் குடும்பங்கள். எங்கள் மாதா கோயிலும் கல்லறையும் இரண்டு ஊர் தள்ளி இருந்தன. என் கணவர் குத்தகைக்கு நிலம் எடுத்துப் பயிர் வைத்திருந்தார். அவர் பெயரை நான் வாயால் சொன்னதே இல்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவர் முகத்தைப் பார்ப்பேன், அவர்கள் சொல்லுவார்கள். எங்கள் பக்கத்தில் வேதக்காரர் என்கிற கிறிஸ்தவப் பெண்களுக்கும் அதுதான் வழக்கம்.

கல்யாணமாகி வெகு நாள் பிள்ளை இல்லை. வில்லியனூர் மாதா கோயிலுக்கு நடையாய் நடந்து, கடைசியில் உண்டானேன். மூன்று மாதம்கூட ஆகவில்லை. சித்திரையில் ஒரு காலை, மோட்டார் போடப் போனவர் ஈரக் கையோடு சுவிட்சைத் தொட்டுவிட்டார். கரண்ட் அடித்து அங்கேயே போய்விட்டது உயிர். கயிற்றுக் கட்டிலில் போட்டுத் தூக்கிவந்தார்கள். நான் அப்போதுதான் அவருக்குக் கூழ் கரைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆண்டவரையும் விட்டுவைக்கவில்லை. "பிள்ளையைக் கொடுக்கிற மாதிரி கொடுத்து அப்பனை எடுத்துக்கொண்டாயே, இது நியாயமா?" என்று ஜெபமாலையைக் கையில் பிடித்தபடியே சண்டை போடுவேன். ஆனாலும் வயிற்றில் அது உதைக்கும்போதெல்லாம் கோபம் கொஞ்சம் அடங்கும்.

புரட்டாசியில், எட்டாம் மாதத்திலேயே வலி வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டக்கூட அவகாசம் இல்லை. எதிர்வீட்டு அக்கா ஓடிவந்தார். எங்கள் தெருவில் பிரசவம் என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வலியில் நான் என்னென்னவோ கத்தினேன். குழந்தை ஈனசுரத்தில் ஒருமுறை அழுதது காதில் விழுந்தது. அதோடு எனக்கு நினைவு தப்பிவிட்டது. ரத்தம் அவ்வளவு போயிருந்தது.

கண் விழித்தபோது மறுநாள். பக்கத்தில் தொட்டுப் பார்த்தேன், வெறும் பாய்தான் இருந்தது. ஆண் குழந்தையாம். சற்று நேரம்தான் உயிரோடு இருந்ததாம். சேதி கேட்டு ஓடிவந்த என் தம்பி முதல் நாளே எடுத்துக்கொண்டு போய் அடக்கம் பண்ணிவிட்டான். நான் அதன் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"புள்ளைய அதோட அப்பா பக்கத்துல வச்சியாடா?" என்று கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஞானஸ்நானம் வாங்காத பிள்ளையை, ஜெபம் சொல்லி மந்திரித்த இடத்தில் வைக்கக்கூடாது என்பது அந்தக் காலத்து வழக்கம். பங்குச் சாமியார் வெளியூர் போயிருந்தார். அவர் இல்லாதபோது கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் என்ன செய்வார்? கல்லறை மதிலுக்கு வெளியே, கள்ளிச்செடி ஓரம் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு மூலை இருந்தது. அங்கேதான் வைத்திருந்தார்கள். அப்பன் உள்ளே, பிள்ளை வெளியே. எனக்குப் பிள்ளை செத்ததைவிட அதுதான் நெஞ்சை அறுத்தது. ஆண்டவர் வீட்டு வாசல் வரைக்கும் போன பிள்ளைக்குக் கதவைச் சாத்திவிட்டார்களே என்று புழுங்கிப் புழுங்கிச் செத்தேன். எங்கள் மதத்து விஷயத்தை ஊராரிடம் எப்படிச் சொல்வது? யாரிடமும் சொல்லவில்லை. ஜெபத்தையும் நிறுத்திவிட்டேன்.

ஐப்பசியில் கல்லறைத் திருநாள் வந்தது. நான் போவதாக இல்லை. எதிர்வீட்டு அக்கா கை நிறைய சாமந்தியோடு வந்து நின்றார். குழந்தை போன நாளிலிருந்து அவர் என் முகத்தை நேராகப் பார்த்துப் பேசியதில்லை. வருவார், கஞ்சியை வைப்பார், போய்விடுவார். அன்றைக்கு மட்டும் விடவில்லை.

"இன்னாடி இப்படிக் குந்திகினு இருக்கற? உங்க ஆளுங்க எல்லாம் வெளக்கு ஏத்தப் போறாங்களே. எழுந்திருடி, நானும் வரேன்."

வேண்டாம் என்றால் கேட்டால்தானே. அக்கா வீட்டிலேயே வண்டி கட்டி என்னை இழுத்துக்கொண்டு போனார்கள்.

கணவர் கல்லறையில் புல்லைப் பிடுங்கி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றினோம். பாதிப் பூவை மடியிலேயே வைத்திருந்த அக்கா, "புள்ளைய எங்க வச்சிருக்கு?" என்று மெதுவாகக் கேட்டார். நான் மதிலுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினேன்.

"அங்க ஏன்? அப்பன்கிட்ட வைக்கலியா?"

சொன்னேன். தலையில் தண்ணீர் ஊற்றி ஜெபம் சொல்லாத பிள்ளைக்கு உள்ளே இடமில்லை என்று சொன்னேன். அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ, நான் ஊத்தினேனேடி!"

எனக்குப் புரியவில்லை. அவர் மாரில் அடித்துக்கொண்டு அழுதார். வைத்தியம் பார்க்க ஊருக்கு வரும் கன்னியாஸ்திரி அம்மாக்கள், பிரசவம் பார்க்கிற பெண்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தார்களாம். வேதக்காரர் வீட்டுப் பிள்ளை பிழைக்காது என்று தெரிந்தால், தலையில் தண்ணீர் ஊற்றி இதைச் சொல்லு என்று.

"நீ நெனப்பில்லாம கெடந்த. புள்ளைக்கு மூச்சு இழுத்துது. பானைத் தண்ணிய மொண்டு ஊத்தினேன். சில்லுனு இருந்துது. ஒரு தரம் சிலுத்துது, அப்புறம் அடங்கிடுச்சு. பச்ச ஒடம்புல தண்ணிய ஊத்தி நாந்தான் கொன்னுட்டேனோன்னு, உன் மூஞ்சப் பாக்க பயந்துகினு இருந்தேன்."

எத்தனை நாள் அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டு எனக்குக் கஞ்சி கொண்டுவந்திருக்கிறார்! நான் அவர் கையைப் பிடித்துத் தூக்கினேன். அழுதேனா சிரித்தேனா தெரியாது. கல்லறைகளை மந்திரித்துக்கொண்டு வந்த சாமியாரிடம் அப்படியே இழுத்துப்போனேன்.

சாமியார் நிதானமாகக் கேட்டார். "என்ன சொல்லி ஊத்தினீங்கம்மா?"

அக்கா கைகூப்பிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பித்தார். "பிதா சுதன் இஸ்பிரீத்துசாந்து நாமத்தினாலே உன்னைக் கழுவுறேன்." பரிசுத்த ஆவிக்கு அந்தக் காலத்தில் சொல்லும் இஸ்பிரீத்து என்கிற இடத்தில் நாக்கு குழறியது. திரும்பவும் சரியாகச் சொன்னார்.

"அது செல்லும். ஞானஸ்நானம்தான்," என்றார் சாமியார். "தண்ணியால பிள்ளை சாகலம்மா, பயப்படாதீங்க. பேர் ஏதாவது சொன்னீங்களா?"

அக்கா என்னைப் பார்த்தார். முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

"எனக்கு உங்க ஆளுங்க பேரு இன்னா தெரியும் சாமி? வலி தாங்காம இது ஒரு பேரச் சொல்லிக் கத்துச்சு. அந்தப் பேரையே வச்சிட்டேன்."

அதைச் சொல்லியும் காட்டினார். என் கணவரின் பெயர். பிழைப்போமா என்று தெரியாத வலியில், வாழ்நாளில் முதல்முறையாக அதைச் சொல்லியிருக்கிறேன். சொன்னது எனக்கே தெரியாது. அத்தனை பேர் நடுவில் முகத்தை மூடிக்கொண்டு விம்மி விம்மி அழுதேன்.

சாமியார் கல்லறை வாசலைத் தாண்டி வெளியே வந்தார். தீர்த்தத்தோடு கள்ளிச்செடி ஓரம் நின்று, என் பிள்ளை பெயரைச் சொல்லி அந்த மண்ணை மந்திரித்தார். பக்கத்தில் பெயர் இல்லாமல் கிடந்த சின்னச் சின்ன மேடுகளுக்கும் தெளித்தார். பிறகு மதிலை இடித்துக் கட்டியபோது அந்த மூலையையும் உள்ளே சேர்த்துவிட்டார்கள்.

அதனால் என் கஷ்டம் தீர்ந்துவிடவில்லை. குத்தகை நிலம் கைவிட்டுப் போனது. கூலிக்கு நாற்று நட்டேன். ராத்திரியில் வெறும் பாயைத் தடவிப் பார்க்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. ஆண்டவரிடம் கேட்க வேண்டியது இன்னும் எவ்வளவோ பாக்கி இருக்கிறது. ஆனால் நான் நினைவில்லாமல் கிடந்தபோது என் பிள்ளையைக் கைவிடாதவர், ஜெபமே வேண்டாம் என்றிருந்த என்னையும் வண்டியில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சாமந்திப் பூவோடு, அந்த அக்கா உருவத்தில் வந்தார்.

இன்றும் கல்லறைத் திருநாளில் முதல் மெழுகுவர்த்தியை அந்த மூலையில் ஏற்றிவிட்டு, அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லிக் கூப்பிடுகிறேன். புருஷன் பெயரைத்தான் சொல்லக்கூடாது, பெற்ற பிள்ளையின் பெயரைச் சொல்ல எந்தத் தாய்க்கும் தடையில்லையே.