தாளில் இல்லாத கேள்வி

தையல்காரம்மாவின் மகளுக்கு வாய்க்கொழுப்பு அதிகம். "எங்கம்மா ஒரே நாள்ல பதினாறு தடவ விதவையாவாங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்க அதில் என்ன இருக்கிறதோ! ஆனால் உண்மை அதுதான்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் நிபுணராக வேண்டுமென்றால், அதற்கென்று இருக்கும் மருத்துவர் சங்கத்தில் பதிந்து, மூன்று வருடம் பயிற்சி எடுத்து, சங்கத்தின் தேர்வில் தேற வேண்டும். தொண்டையில் குழாய் போடுவது, கருவிகளை இயக்குவது எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக ஒரு சின்ன அறை. இரண்டு நாற்காலி, மூலையில் மதிப்பெண் தாளோடு ஒரு பெரிய டாக்டர். எதிரே இருக்கும் பெண்ணிடம் அவள் கணவர் இறந்த செய்தியைச் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணாக உட்காருகிறவள்தான் தையல்காரம்மா. சொந்தக் கணவர் அப்படியொரு பிரிவில் போய்ச்சேர்ந்த மறு வருடம், ஆள் தேவை என்ற அறிவிப்பைப் பார்த்துத் தானாகவே வந்தவள். ஒன்பது வருடமாகிவிட்டது. சங்கம் அவளுக்குப் போட்ட கட்டுப்பாடு ஒன்றுதான்: அவள் கையில் கொடுத்த தாளில் அச்சடித்ததைத் தவிர வேறெதுவும் கேட்கக் கூடாது. எல்லாருக்கும் ஒரே தராசு வேண்டுமே.

இந்த வருடம் பதினோராவதாக வந்த பெண்ணுக்கு இது நான்காவது முயற்சி. இதிலும் தவறினால் சங்கம் மறுபடி உட்கார விடாது. ஆனாலும் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னாள். சொன்னதும் சும்மா இருந்தாள். அந்த மௌனத்தில் தையல்காரம்மா தன்னை மறந்தாள்.

"அவருக்கு வலிச்சுதாம்மா?"

"தெரியலம்மா" என்றாள் டாக்டர் பெண். "வலி தெரியாம இருக்கத்தான் மருந்து கொடுத்தோம். கடைசி வரைக்கும் பக்கத்துலயேதான் இருந்தேன். ஆனா வலிக்கவே இல்லன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாதும்மா."

தையல்காரம்மா குலுங்கி அழுதாள். ஒன்பது வருடத்தில் அவள் நடிக்காமல் அழுதது அன்றுதான்.

மூலையில் இருந்தவர் 'உறவினருக்கு ஆறுதல் தரவில்லை' என்று எழுதிவிட்டார். சாயங்காலம் முடிவு ஒட்டினார்கள். இரண்டு மதிப்பெண்ணில் அந்தப் பெண் தவறியிருந்தாள்.

தையல்காரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. நேரே தேர்வுக் குழு அறைக்குள் போய் நின்றாள்.

"ஐயா, அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. தாள்ல இல்லாததை நான்தான் கேட்டுட்டேன்."

தலைவர் தாளை வாங்கிப் பார்த்தார். மூலையில் இருந்தவரைக் கேட்டார். அவரும் ஆமாம் என்றார். அந்தக் குறிப்பை அடித்துவிட்டு மறுபடி கூட்டினார்கள். பெண் தேறிவிட்டாள்.

"ஆனா விதி விதிதான்மா. இனிமே உங்களைக் கூப்பிட முடியாது" என்றார் தலைவர். அவருக்கே சங்கடமாக இருந்தது. "நல்ல கேள்விதான். அடுத்த வருஷம் தாள்லயே சேர்த்துடறோம்."

"சேர்க்காதீங்கய்யா" என்றாள் அவள். "என் வீட்டுக்காரர் போனப்போ நான் இதைத்தான் கேட்டேன். 'கொஞ்சங்கூட வலிக்கல'ன்னு ஒரு டாக்டர் சொல்லிக்கிட்டே நடந்து போயிட்டாரு. அதை இன்னிக்கு வரைக்கும் நான் நம்பல. நீங்க தாள்ல போட்டா, எல்லாரும் அதையே மனப்பாடம் பண்ணிட்டு வருவாங்க."