விமானத்துக்குத் தலைக்கனம் வேண்டும்

எனக்குத் தலைக்கனம் என்று அம்மா ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது சொல்வாள். அண்ணனும் நானும் எங்களுக்குள் பேசிக்கொண்டது பிஜி இந்தியில்தான். தமிழ் அம்மாவிடம் மட்டும். அதிலும் எனக்கு முதலில் மனப்பாடமானவை திட்டு வார்த்தைகள். இது அவற்றில் முதல் வரிசை.

பிஜியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த வருடம் அது. பா என்ற எங்கள் ஊரின் சர்க்கரை ஆலையில் கரும்பு அரைவை தொடங்கவில்லை. அங்கே ஃபிட்டராக இருந்த அண்ணன் வீட்டில் கிடந்தான். நான் டீச்சர், பள்ளிக்கூடமும் மூடியிருந்தது. ரேடியோவைக் கேட்டுக் கேட்டு ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுந்துகொண்டிருந்தோம். ஒரு நாள் அவன் ரேடியோவை அணைத்துவிட்டு, மீன்கடை ஐஸ் பெட்டியின் தெர்மாகோலை அறுத்து விமானம் செய்ய உட்கார்ந்தான். சும்மா இருக்க முடியாமல் நானும் சேர்ந்துகொண்டேன்.

சிறகை உடம்பின் நட்டநடுவில் பசை போட்டு ஒட்டச் சொன்னேன். அதுதானே பார்க்க அழகு? அவன் கேட்கவில்லை. ரப்பர் பேண்டால் மட்டும் கட்டினான்.

"ஒட்டிட்டா அப்புறம் நகத்த முடியாது."

சிறகின் முன்விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, அடியில் இரண்டு பக்கமும் விரல்நுனி கொடுத்துத் தூக்கினான். வால் தாழ்ந்தது. சிறகைப் பின்னால் நகர்த்தித் தூக்கினான். அப்போதும் வால்தான் தாழ்ந்தது. அதற்குமேல் நகர்த்த இடமில்லை. முற்றத்தில் எறிந்து பார்த்தோம். மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே போய், ஒரு கணம் நின்று, தொப்பென்று விழுந்தது.

"அம்மா, இதுக்குத் தலையில கனம் பத்தல. உன் பொண்ணுகிட்ட இருக்கறதுல கொஞ்சம் வாங்கிக் குடு!" என்று உள்ளே பார்த்துக் கத்தினான். அம்மா சிரித்துவிட்டாள். அவள் சிரித்துப் பல நாள் ஆகியிருந்தது.

அப்பாவின் தூண்டில் டப்பாவை எடுத்து வந்தேன். அப்பா இறந்தபின் எனக்கு வேண்டும் என்று நான் கேட்டு வாங்கிக்கொண்டது அது ஒன்றுதான். அதிலிருந்து ஓர் ஈயக்குண்டை மூக்கில் பொதிந்தோம். விமானம் விரல்நுனியில் மட்டமாக நின்றது. எறிந்தால் வேலியைத் தாண்டிக் கரும்புக்குள் போய் இறங்கியது.

அந்த வருடக் கடைசியில் அவனுக்கு ஆக்லாந்து போக விசா வந்தது. எங்களையும் பிறகு கூப்பிட்டுக்கொள்வதாகச் சொன்னான். நான் வரமாட்டேன் என்றேன். டீச்சர்கள் ஒவ்வொருவராக நாட்டைவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். என் வகுப்பை யாரிடம் விடுவது?

"நீ பயந்தாங்கொள்ளி. ஓடுறே," என்று முகத்துக்கு நேரே சொன்னேன்.

அத்தோடு பேச்சு நின்றது. கிளம்பும் அன்று காலை அவன் ரப்பர் பேண்டை அவிழ்த்து, சிறகைத் தனியாக எடுத்து, விமானத்தைப் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்தான். நான் போய் மூக்கிலிருந்த குண்டைத் தோண்டி எடுத்தேன்.

"இது என்னோடது."

அவன் பெட்டியை மூடினான். நாடி விமான நிலையத்துக்கு நான் போகவில்லை. இன்று நினைத்தாலும் கூசுகிறது.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது, எனக்கே. எல்லாம் இங்கிலீஷ், ஒரே ஒரு தமிழ் வார்த்தை, அதுவும் இங்கிலீஷ் எழுத்தில். "விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு விழுகிறது. லீவுக்கு வரும்போது தலைக்கனத்தையும் கொண்டு வா."

லீவுக்கு என்று எழுதியிருந்தான். குடிவந்துவிடு என்று எழுதவில்லை. நான் இங்கேயே இருப்பேன் என்பதை எங்கள் சொந்தத்தில் முதலில் ஒப்புக்கொண்டவன் அவன்தான். அதற்கு நான் நேரில் நன்றி சொன்னதே இல்லை, இங்கே சொல்கிறேன்.

என் வீம்பு இறங்க இரண்டு வருடம் பிடித்தது. குண்டை எடுத்துக்கொண்டு ஆக்லாந்து போனபோது விமானம் அவன் அலமாரிமேல் இருந்தது, மூக்கில் ஓட்டையோடு. குண்டை என் கையிலிருந்து வாங்கி அவனே பொதிந்து, சிறகைக் கட்டி, விரல்நுனியில் தூக்கினான். மட்டமாக நின்றது.

மறுநாள் காலை அவனோடு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். தெருமுனையில் ஒரு தூண்டில் சாமான் கடை. கண்ணாடிக்குப் பின்னால், வேண்டிய எடையிலெல்லாம் ஈயக்குண்டுகள். இரண்டு வருடமாக அவன் தினமும் அந்தக் கடையைத் தாண்டித்தான் வேலைக்குப் போயிருக்கிறான்.