ராஜா சமாதிக்கு ஜெனரல் வந்த நாள்

எங்கள் முதல் குழந்தை பெயர் வைப்பதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டாள். பாலாற்றங்கரையில், கண்டி ராஜாவின் சமாதிக்குப் பக்கத்தில் எங்கள் தெருக்காரர்கள் புதைக்கும் இடம் இருந்தது. அங்கேதான் புதைத்தோம். பால்குடி மறக்காத பிள்ளை செத்தால், மூன்றாம் நாள் தாயே போய்த் தன் பாலை அந்த மண்ணில் பீய்ச்சிவிட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதுவரை பிள்ளை பசியோடு கிடக்கும் என்பார்கள். எனக்கோ மார் கட்டிக்கொண்டு தெறித்தது. சேலை நனைந்தபடியே இருந்தது. எப்போது மூன்றாம் நாள் வரும் என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

மறுநாள் காலையிலேயே சேதி வந்தது. சீமையிலிருந்து வந்திருக்கும் ஒரு வெள்ளைக்கார ஜெனரல் ராஜா சமாதிக்கு மரியாதை செய்ய வருகிறாராம். அந்த ராஜாவை இலங்கையில் பிடித்துக் கப்பலேற்றி, எங்கள் வேலூர்க் கோட்டையில் சாகும்வரை அடைத்து வைத்ததே இவர் கூட்டம்தான். இப்போது மாலை போடவும் வந்துவிட்டார்கள். நல்ல நியாயம்! துரையின் வண்டி நிற்க, நாங்கள் புதைக்கும் இடத்தைச் சமமாக்க வேண்டும் என்று ஓவர்சியர் ஆள் பிடித்தார். என் வீட்டுக்காரர் தோல் பதனிடும் ஷாப்பு வேலையை விட்டுவிட்டு மண்வெட்டியோடு ஓடினார். எங்கள் பிள்ளையின் மேட்டை மட்டுமாவது விட்டுவிடும்படி கேட்கலாம் என்று அவருக்கு ஒரு ஆசை.

விளக்கு வைக்கும் நேரத்தில் திரும்பி வந்தவரை வாசலிலேயே நிறுத்திக் கேட்டேன்.

“இன்னா ஆச்சு?”

“கையைக் காலைப் புடிச்சிக் கேட்டேன். வேற பக்கம் மண்ணு தூக்க அனுப்பிட்டாங்க. வந்து பாத்தா, எல்லாத்தையும் சமமாத் தள்ளி சரளை கொட்டிட்டாங்க.”

“அடையாளத்துக்கு வெச்ச கல்லு?”

அவர் மண்வெட்டியை மூலையில் சாத்திவிட்டு வெளியே போனார்.

மூன்றாம் நாள் ஜெனரல் வந்தார். போலீஸ்காரர்கள் எங்களைச் சாலைக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிட்டார்கள். அவர் தொப்பியைக் கழற்றி, சமாதிக்கு முன்னால் வெகுநேரம் தலைகுனிந்து நின்றார். கூட வந்த பெரிய மனிதர்கள் உச்சுக்கொட்டினார்கள். பூட்ஸுக்கு அடியில் யார் கிடக்கிறார்கள் என்று கேட்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. அன்று வந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

வண்டிகள் போனதும் ஓடினேன். எங்கே பார்த்தாலும் சிவப்புச் சரளை. “இங்கதான்மே” என்றார் வீட்டுக்காரர். நாலடி தள்ளிப் போய், “இல்ல, இங்க இருக்கும்” என்றார். பிறகு அங்கேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். நான் மண்டியிட்டு இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் பீய்ச்சினேன். கல்லை நனைத்ததே தவிர, பால் மண்ணுக்குள் போனதாகத் தெரியவில்லை. அதற்குள் காவல்காரன் ஓடி வந்துவிட்டான்.

“ஏம்மா, தொர போட்ட மாலைகூட இன்னும் வாடல. அதுக்குள்ள இங்க வந்து இன்னா பண்ற? எழுந்து போ!”

பாதியிலேயே எழுந்து வந்தேன். அந்த வாரமே பால் வற்றிவிட்டது. அதற்குப் பிறகு எனக்குப் பிள்ளையே பிறக்கவில்லை.