துணைக்குப் போன தங்கை

என் தங்கையார் மறைந்து இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. நேரில் "ஏ புள்ள" என்று கூப்பிட்டே பழகிய வாய் எனக்கு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் இந்த நினைவு மலரைப் படிப்பார்கள், மரியாதையாக எழுதுங்கள் என்று மகள் சொல்லிவிட்டாள். பெற்றவளுக்கு இப்படி எடுத்துச் சொல்லும் தைரியம் அவளுக்குச் சின்னம்மா கொடுத்ததுதான்.

சேந்தமங்கலத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், கிணற்றுப் பாசனக் குடியானவர் வீட்டில், எனக்கு அடுத்துப் பிறந்தவர் தங்கையார். எங்கள் அப்பா எங்கள் இருவரையுமே பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். வீட்டில் படிப்பாளி என்று பெயர் எடுத்தவள் நான். ஏழாவது முடித்து, எட்டாவதுக்குப் புத்தகமும் வாங்கியபிறகு பரிசம் போட்டுவிட்டார்கள். தங்கையார் நாலாவதோடு நின்றார். வாய்ப்பாடு சொல்லச் சொன்னால் மாட்டுக் கொட்டகைக்கு ஓடிவிடுவார்.

ராசிபுரத்துப் பக்கம் வாழ்க்கைப்பட்டார். சில வருஷத்திலேயே காய்ச்சலில் கணவர் போய்விட்டார். பிள்ளை இல்லை. எங்களைப் பெற்றவர்களும் அதற்குமுன் போய்ச் சேர்ந்துவிட்டதால், வெள்ளைச் சேலையோடு என் வீட்டுக்கு வந்தார். அன்று அவரைக் கட்டிக்கொண்டு அழுதபோது எனக்கு இரக்கம் ஒன்றுதான் இருந்தது. பொறாமை பிறகு வந்தது. கணவனை இழந்தவளைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா என்று கேட்கலாம். நான் பட்டேன். அது அவருக்கும் தெரியும்.

என் மகள் ஐந்தாவது முடித்ததும் பெரியவளானாள். இனிமேல் பள்ளிக்கூடம் எதற்கு என்றார் மாமியார். யாராவது துணைக்குப் போனால் போகட்டும் என்றார் என் வீட்டுக்காரர். எனக்குக் கைக்குழந்தை, காட்டு வேலைக்கு வரும் ஆட்களுக்குச் சோறு, ஆயிரம் வேலை. தங்கையாரைத் துணைக்கு அனுப்பினேன்.

அவர் பள்ளிக்கூடத்து வராந்தாவில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பருத்தியில் கொட்டை எடுத்துக்கொண்டிருப்பார். பார்வையிட வந்த அதிகாரி, இந்த அம்மாள் யார் என்று கேட்டாராம். யாருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் பெரிய டீச்சர், "தினமுந்தான் வர்றீங்க, உள்ளே வந்து உட்காருங்க, பேரை எழுதிக்கிறேன்" என்று சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் வண்டியைவிட்டு இறங்கும்போதே தங்கையார், "அக்கா, என்ற பேரையும் எழுதிட்டாங்க" என்றார்.

"எதுக்கு?"

"ஆறாவதுக்கு."

என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் மாடு மிரண்டது. "உன்ற தங்கச்சி நம்ம புள்ளைக்குத் துணை போறாளா, புள்ள உன்ற தங்கச்சிக்குத் துணை போகுதா?"

நான் சிரிக்கவில்லை. படிக்க அனுப்பவில்லை அவரை. இருபத்தாறு வயதில், நாலாவது படித்தவர், நான் நின்ற இடத்தைத் தாண்டிப் போகப் புறப்பட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் இரண்டு பேரும் ஒரே விளக்கடியில் உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள். மகள் சின்னம்மாவிடம் சந்தேகம் கேட்பாள். சின்னம்மாவுக்கும் தெரியாது. சேர்ந்து தப்பாகப் போட்டு, சேர்ந்து சிரிப்பார்கள். அடுப்படியில் நின்றபடியே எனக்கு விடை தெரியும். என்னை யாரும் கேட்கவில்லை. நான் பாத்திரத்தை ஓங்கி வைத்தால் தங்கையார் உரக்கச் சொல்வார்: "அம்மிணி, உங்கம்மாளுக்கு வயிறு எரியுது. ஒரு சொம்பு மோர் கொண்டுபோய்க் குடு." மகள் கொண்டும் வருவாள். நானும் குடிப்பேன்.

எட்டாவது பரீட்சை நாமக்கல்லில் நடந்தது. பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கு எதிரே வெள்ளைச் சேலை வரக்கூடாது என்பது வீட்டில் எல்லாருக்கும் கவலை. ஆனால் வெள்ளைச் சேலையும் அதே பரீட்சைக்குத்தான் போகவேண்டும். தங்கையாரே வழி சொன்னார். "நான் விடியறதுக்குள்ள முன்னால நடந்துர்றேன். பிள்ளையார் கோயில் தாண்டி நிக்கறேன். வண்டி வந்ததும் பின்னால ஏறிக்கறேன்."

அப்படியே செய்தோம். தண்ணீர்க் குடத்தோடு எதிரே வருவதாகச் சொல்லியிருந்த பக்கத்து வீட்டுக்காரி தூங்கிவிட்டாள். அவள் வந்து சேரும்வரை வண்டி காத்திருந்தது. நாங்கள் பிள்ளையார் கோயில் தாண்டியபோது தங்கையாரைக் காணோம். வெகுநேரம் நின்று பார்த்தவர், தான் வந்து சேருமுன்பே வண்டி போய்விட்டது என்று நினைத்து நாமக்கல்லை நோக்கி நடக்கத் தொடங்கியிருக்கிறார். மகள் ஒரே அழுகை. "சின்னம்மா இல்லாம நான் எழுத மாட்டேன்."

பாதி வழி போயிருப்போம். இவ்வளவு தூரத்தில் வண்டித் தடத்தையே காணோமே, வண்டி பின்னால்தான் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. திரும்பி நடந்து வந்தார். பொழுது கிளம்பும் நேரத்தில், முழங்கால்வரை புழுதியோடு, வெள்ளைச் சேலையில், எங்கள் வண்டிக்கு நேர் எதிரே வந்தார். எதைத் தவிர்க்க இத்தனை பாடுபட்டோமோ அதுவே நடந்தது. வண்டியோட்டி கண்ணை மூடிக்கொண்டான். மகள் குதித்து ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டாள். அந்த முகமலர்ச்சியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என்னைப் பார்த்து அவள் ஒருநாளும் அப்படி ஓடி வந்ததில்லை.

தங்கையார் தேறினார். மகள் கணக்கில் தவறினாள்.

ஊர் என்ன பேசியது என்று எழுத வேண்டியதில்லை. என் வீட்டுக்காரர் மகளின் ஜாதகத்தை வெளியே எடுத்தார். அந்த வாரமே தங்கையாருக்குச் சேலத்து ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்தது. அவர் போகவில்லை. "ஒரு வருஷம் குடுங்க மச்சான். அம்மிணி பாஸ் பண்ணட்டும், ரெண்டு பேரும் ஒண்ணாப் போறோம்" என்று அவரிடம் நின்று கேட்டு வாங்கினார். கிடைத்த இடத்தை என் மகளுக்காக விட்டார். நன்றியோடு இருக்க வேண்டியவள் நான். இருந்தேன். ஆனால் என் மகளுக்காக விட்டுக்கொடுக்க என்னிடம் அப்படி ஒன்று இல்லையே என்றும் இருந்தது.

மறுவருஷம் பரீட்சைக்கு வண்டி பூட்டியாயிற்று. தங்கையார் வழக்கம்போலக் கொல்லைப் பக்கம் ஒதுங்கினார். மகள் ஏறவில்லை. மாமியார் காதில் விழும்படியே சொன்னாள்: "சின்னம்மா முன்னால வரட்டும். அவங்க மொகத்தைப் பாத்துட்டுத்தான் ஏறுவேன்." மாமியார் உள்ளே போனார். தங்கையார் வந்து நுகத்தடிக்கு முன்னால் நின்றார். நான் பூவும் பொட்டுமாகப் பக்கத்தில்தான் நின்றேன். என்னைப் பார்க்கவில்லை அவள்.

அந்த முறை தேறினாள்.

இருவரும் சேலத்தில் ஒன்றாகப் பயிற்சி முடித்து, ஒரே ஜில்லா போர்டுப் பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள் ஆனார்கள். பெரியவர்களுக்குப் படிப்பு வராது என்று யாராவது சொன்னால், "எனக்கே வந்துச்சுங்க" என்பார் தங்கையார். பிள்ளை பெற்ற பெண்கள் இருவரை மறுபடி பள்ளிக்கூடத்துக்கு வரவைத்தார். மகளுக்கு இன்னும் வரன் அமையவில்லை என்று நான் தூக்கம் கெட்டுக் கிடப்பேன். "வர்றப்ப வரும், தூங்குக்கா" என்பார்.

போன வருஷம் அவருக்கு விஷக்காய்ச்சல் கண்டது. மகள்தான் தலைமாட்டில் இருந்தாள். தண்ணீர் வேண்டுமென்றாலும் அவளைத்தான் கூப்பிட்டார். ஒரு பகலில் மட்டும் என் கையைப் பிடித்து, "ஏக்கா, நீ எழுதியிருந்தா என்னையவிட மார்க்கு வாங்கியிருப்பே" என்றார். அத்தனை வருஷம் நான் கேட்கக் காத்திருந்த சொல் அது. காய்ச்சலில் சொன்னாரா, தெரிந்து சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மறுநாள் கேட்க அவர் இல்லை.

வேளை பாராமல் நாமக்கல்லிலிருந்து வந்து பார்த்த டாக்டர் ஐயாவுக்கும், தோள் கொடுத்த பங்காளிகளுக்கும், வகுப்பு வகுப்பாக வந்து நின்ற பிள்ளைகளுக்கும், அன்று அவரை உள்ளே வந்து உட்காரச் சொன்ன பெரிய டீச்சர் அம்மாளுக்கும், யுத்த காலத்தில் காகிதம் தேடிப் பிடித்து இந்த மலரை அச்சிட்டுக் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

மகள் இப்போது தனியாகப் பள்ளிக்கூடம் போகிறாள். திரும்பி வரும்வரை என் உயிர் என்னிடம் இல்லை. தினமும் சின்னம்மாவின் படத்துக்கு முன்னால் நின்று, "வாரேன் சின்னம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறாள். நான் வாசலில் நிற்பேன். நேற்று அவசரத்தில் என்னிடம் சொல்லாமலே போய்விட்டாள். தெருக்கோடி வரை போனவள் திரும்பி நடந்து வந்து, "வாரேம்மா" என்றாள்.

கிளம்பியவர்கள் திரும்பி வரக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். நான் ஒன்றும் சொல்லவில்லை.