ஜெனிபரின் முதுகுக்காக வாங்கிய வண்டி

பொன்னேரி அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்த டாக்டரம்மா, "தினமும் எதுல போறீங்க?" என்று கேட்டார்.

ஜெனிபர் வாயைத் திறப்பதற்குள் அவள் கணவன் சாம்சன் முந்திக்கொண்டான். "லோடு ஆட்டோல மேடம். டீசலு. பழைய வண்டி."

"அப்ப அதுதான். அந்த உதறல் இனிமே இந்த முதுகுக்கு ஆவாது. இன்னியோட விட்டுடுங்கம்மா."

வெளியே வந்து, மருந்துக் கவரை மடியில் வைத்துக்கொண்டு அந்த லோடு ஆட்டோவிலேயே ஏறி உட்கார்ந்தாள் ஜெனிபர். "டாக்டரு சொல்லிட்டா ஆச்சா? கிளாம்பு யாரு போடுவாங்க?" என்றாள்.

சாம்சன் வண்டியைக் கிளப்பினான். கவரைப்பேட்டையில் அவன் நடத்தும் மோட்டார் கடைக்கு ஆள் என்று வேறு யாரும் கிடையாது. போர்வெல்லில் இறங்கிக் கிடக்கும் மோட்டாரை மேலே எடுக்க வேண்டுமானால் மேலே இரும்பு முக்காலி நட்டு, அதில் தொங்கும் சங்கிலியில் குழாயை மாட்டி ஒருவர் இழுக்க வேண்டும். மேலே வந்த குழாயைக் கழற்றும்வரை, கீழே தொங்குகிற மிச்சக் குழாயை இரும்புக் கிளாம்பு போட்டு இன்னொருவர் பிடித்து நிறுத்த வேண்டும். கிளாம்பு நழுவினால் குழாய், மோட்டார், கயிறு எல்லாம் பாதாளத்துக்குப் போய்விடும். ஜெனிபர் போட்ட கிளாம்பு இதுவரை நழுவியதில்லை. கூலிக்கு ஆள் வைத்துப் பார்த்த நாட்களில் சாம்சனுக்குச் சங்கிலி இழுக்கவே கை வராது.

அதனால் வேலையை விடுவது என்ற பேச்சு வீட்டில் எழவில்லை. வண்டியை விடுவது என்று முடிவானது. உதறாத வண்டி எது என்று சாம்சன் விசாரிக்க ஆரம்பித்தான். குட்டியானை லோடு வண்டி மாதிரியே இருக்கும், புகைக்குழாய் மட்டும் இருக்காது, கரண்டில் ஓடும் வேன் ஒன்று வந்திருக்கிறது என்று தெரிந்து, ஓட்டிப் பார்க்கப் போனவன் அன்றைக்கே பேசி முடித்துவிட்டு வந்தான்.

பக்கத்துக் கடை லேத்துப் பட்டறை வரதன் தலையில் அடித்துக்கொண்டான். "நம்ப வேலைக்கு இது தாங்குமா? பைப்பு, மோட்டாரு, முக்காலின்னு அம்மாம் லோடு ஏத்திக்கினு காடு மேடெல்லாம் போவணும். நடுவுல சார்ஜ் பூட்ச்சின்னா இன்னா பண்ணுவ? தோள்ல தூக்கிக்கினு வருவியா?"

"பக்கத்து ஊரு வேலைதான வரதா பாதி. ராத்திரி ஊட்லயே சார்ஜ் போட்டுக்கலாம்."

"போடு போடு. செல்போன் மாதிரி சொருவி வெச்சிட்டு உக்காந்துக்கினு இரு."

வரதன் பயமுறுத்தியதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. சாயங்காலத்தில் கவரைப்பேட்டையில் வோல்டேஜ் இறங்கிப்போகும், ஊர் டி.வி. பார்த்து முடித்துப் படுத்த பிறகுதான் சார்ஜ் ஒழுங்காக ஏறியது. வண்டிக்கென்று தனி ஒயர் இழுத்து, எர்த்துக்குச் சாம்சனே குழி தோண்டினான். பைப்பு லோடு ஏற்றினால், கம்பெனிக்காரர்கள் சொன்ன தூரத்தில் நல்ல பங்கு குறைந்தது. ஆனாலும் சிப்காட் கம்பெனிகள், எளாவூர், பொன்னேரி என்று அவனுக்கு வரும் வேலைகளுக்கு வண்டி தாராளமாக ஓடியது. கிளட்ச் மிதிக்கிற வேலை இல்லாததால் சாம்சனின் இடது முழங்கால் வலி தானாகவே போனது. ஒரு மாதத்தில் ஜெனிபர் இரவில் புரளாமல் தூங்கினாள். சாம்சனுக்கு அது போதும்.

ஒரே ஒரு குறை. வண்டி முனகியது.

டீசல் ஆட்டோவில் எந்தச் சத்தமும் தனியாகக் கேட்காது. பன்னிரண்டு வருஷமாகப் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்த ஜெனிபரோடு அவன் கைஜாடையில்தான் பேசினான். கல்யாணத்துக்கு முன்னால் கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் மில்லில் வேலை பார்த்தபோதே அவன் இடது காது பாதி போய்விட்டது. மீதியில் ஆட்டோச் சத்தம்தான் நிறைந்திருந்தது. இந்தப் புது வண்டியிலோ பின்னால் கிடக்கும் ஸ்பானர் உருள்வதுகூடக் காதில் விழுந்தது. அதோடு எங்கிருந்தோ ஒரு மெல்லிய முனகல். ஏறும், இறங்கும், நிற்கும், மறுபடி வரும்.

மோட்டார் மெக்கானிக்குக்கு அது பொறுக்குமா? பேரிங்காக இருக்குமென்று வண்டிக்கு அடியில் படுத்து, ஸ்க்ரூடிரைவரின் முனையை மோட்டார் மேல் வைத்துப் பிடியை வலது காதில் வைத்துக் கேட்டான். ஒன்றும் இல்லை. ரெட்டேரிப் பக்கம் இருக்கும் சர்வீஸ் சென்டருக்குத் தனியாக ஓட்டிக்கொண்டு போனான். அங்கிருந்த பையன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்று வந்துவிட்டு, "சார், ஒரு சத்தமும் இல்லியே. வண்டி பூனை மாதிரி போவுது," என்றான். சாம்சனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. காதில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டு திரும்பினான். மறுநாள் ஜெனிபரோடு எளாவூருக்குப் போகும்போது முனகல் மறுபடியும் கேட்டது.

இப்படி இருக்கையில் காட்டுப்பள்ளியிலிருந்து ஒரு வேலை வந்தது. துறைமுகத்துப் பக்கம் ஒரு காண்ட்ராக்டரின் ஆட்கள் தங்கும் ஷெட்டில் மோட்டார் எரிந்துவிட்டது, குளிக்கத் தண்ணீர் இல்லை, உடனே வாருங்கள் என்றார்கள். அதற்கேற்ற மோட்டார் காக்களூரில்தான் இருந்தது. காலையில் நாஷ்டா முடித்த கையோடு காக்களூர் போய், மோட்டாரை ஏற்றிக்கொண்டு, குறுக்கே கடற்கரை வரை ஓட்டிப் போய் வேலையை முடித்தார்கள். தண்ணீர் கொட்டியதும் ஷெட்டில் தங்கியிருந்த வடநாட்டுப் பையன்கள் அங்கேயே சட்டையைக் கழற்றிவிட்டு நனைய ஆரம்பித்தார்கள். எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது, திரும்பி மீஞ்சூரைத் தாண்டும்வரை. அதற்கப்புறம் சார்ஜ் கோடு சிவப்பாகிவிட்டது.

"ஊடு போய்ச் சேராது மே," என்றான் சாம்சன். வரதன் முகம் அவன் கண்முன்னால் வந்து போனது.

"நிறுத்தாத. மெதுவா உருட்டு," என்று சொன்ன ஜெனிபர் ரோட்டோரத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். "அந்தோ, மாவு மில்லு. அங்க கேப்போம்."

மில்லுக்காரி கங்கம்மா முகமெல்லாம் மாவாக வெளியே வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மாவு அரைக்கிற கரண்டுல வண்டி ஓடுதா நைனா? சரி, அந்தாண்ட பெரிய பிளக்கு கீது, சொருவிக்கோ. ஆனா சும்மா இல்ல. என் மில்லு பெல்ட்டு வழுக்கி வழுக்கிப் பேஜாரு பண்ணுது. அத்த கொஞ்சம் பார்த்துக் குடு."

சாம்சன் பெல்ட்டை இழுத்துக் கட்டினான். மில் பழையபடி பெருஞ்சத்தத்தோடு ஓட ஆரம்பித்தது. கேழ்வரகு அரைக்க வந்த இரண்டு மூன்று பெண்கள் தூக்கோடு காத்திருந்தார்கள். ஜெனிபர் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு மூட்டைமேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டாள். சாம்சன் எதிர்க்கடைக்குப் போய் டீ வாங்கிக்கொண்டு திரும்பி, வாசற்படியில் கால் வைத்தவன் அப்படியே நின்றான்.

ஜெனிபரின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. கண்கள் மாவு கொட்டுவதைப் பார்த்திருந்தன. தொண்டை ஏறி இறங்கியது. யாரோடு பேசுகிறாள்? பக்கத்தில் யாரும் இல்லை. அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது.

மில் சட்டென்று அடங்கியது. ஜெனிபரின் பாட்டு அடங்கவில்லை. அவளுக்கு அது தெரிய ஒரு கணம் ஆனது. அந்த ஒரு கணத்தில் முழுதாக ஒரு வரி, கனமான, அடிவயிற்றிலிருந்து வருகிற குரலில், மாவு படிந்த அந்தச் சுவர்களுக்கு நடுவே ஒலித்தது:

"ஆழத்துல படுத்திருக்கும் மோட்டாரே, அண்ணாந்து ஒருக்கா பாரே…"

எல்லோரும் திரும்பினார்கள். ஜெனிபர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"யம்மாடி! இன்னா கொரலும்மா உனுக்கு!" என்றாள் கங்கம்மா.

ஜெனிபர் எழுந்து, யாரையும் பார்க்காமல் போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டாள். டீ சாம்சன் கையிலேயே ஆறியது. அவன் ஸ்க்ரூடிரைவர் வைத்துத் தேடிய முனகல் அதுதான்.

கரண்டு வந்து, வீடு போகிற அளவுக்குச் சார்ஜ் ஏற இருட்டிவிட்டது. பொன்னேரி தாண்டியதும் சாம்சன் மெதுவாகக் கேட்டான். "எப்பலேர்ந்து மே?"

ஜெனிபர் ஜன்னல் கண்ணாடியை ஏற்றி மூடினாள். அப்புறம் சொன்னாள். "எங்கூர்ல மாதா கோயில்ல பாடுவேன். கல்யாணமாயி வந்த புதுசுல உங்கூர்க் கோயில்லயும் பாடுனேன். பாட்டு சொல்லிக் குடுக்கிறவரு, ஆம்பள கொரலு மாரி கீது, நீ வாய மட்டும் அசைம்மான்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அதுலேர்ந்து வாய மட்டும்தான் அசைக்கறேன். ஆட்டோல நான் இன்னா கத்துனாலும் உனுக்கே கேக்காது. அதான் நிம்மதியா பாடிக்கினு வருவேன். நானா கட்டிப் பாடுறதுதான். உன்ன திட்டிக்கூடப் பாடிக்கீறேன்."

"இத்தினி வருசமாவா?"

"இந்த வண்டில முடியல. வாய்க்குள்ளயே வெச்சிக்கினு வந்தேன். அதுவும் கேட்டுச்சா உனுக்கு?"

கேட்டது என்று சொல்லவும் முடியவில்லை, இல்லை என்று சொல்லவும் மனசு வரவில்லை. சாம்சன் எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கி வழிவிட்டான்.

மறுநாளிலிருந்து முனகலும் நின்றுவிட்டது. ஜெனிபர் எப்போதும் போலத்தான் இருந்தாள். கிளாம்பு போட்டாள், மதியச் சோற்றைப் பிரித்து வைத்தாள், முதுகு தேவலை என்றாள். ஆனால் வண்டியில் ஏறினால் ஜன்னல் பக்கம் திரும்பி, அடுத்தவர் வீட்டுக்கு வந்தவள் மாதிரி அடக்கமாக உட்கார்ந்துகொண்டாள். சாம்சனுக்கு அந்த அமைதி தாங்கவில்லை. முதுகைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பி, அவளுக்கென்று இருந்த ஒரே இடத்தைப் பிடுங்கிவிட்டோமே என்று அவனை அரித்தது. பாடு என்று கேட்கவும் தோன்றவில்லை. கேட்டுப் பாடுகிற பாட்டாக இருந்தால் அவள் இத்தனை வருஷம் ஏன் ஒளித்திருக்கப் போகிறாள்?

அவனுக்குத் தெரிந்த ஒரு வழியைச் செய்தான். பின்னால் சங்கிலியை வழக்கமாக வரிந்து கட்டுகிறவன், அதைத் தளர்த்திவிட்டான். முக்காலியின் கால்களுக்கு நடுவே வைக்கும் சாக்கை எடுத்துவிட்டான். வண்டி கிளம்பியதும் தகரக்கடைக்குள் மாடு புகுந்த மாதிரி சத்தம். ஜெனிபர் முகத்தைச் சுளித்தாள். அடுத்த நாள் காலி டின் இரண்டைச் சேர்த்துப் போட்டான்.

கடம்பத்தூர்ப் பக்கம் சுப்பராயன் என்ற விவசாயியின் நிலத்துக்குப் போன அன்று, திருவள்ளூரைத் தாண்டியதும் ஜெனிபர், "நிறுத்துயா," என்றாள். இறங்கிப் பின்னால் போனாள். டின்களை எடுத்து ஓரமாகச் செருகினாள். சங்கிலியைச் சுற்றி, அவளுக்கே உரிய முடிச்சுப் போட்டு இறுக்கினாள். சாம்சன் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டு, நேராக ரோட்டைப் பார்த்தபடி கேட்டாள்.

"எனுக்காகவா இந்தச் சத்தம்?"

"ம்."

"புது வண்டிய இப்டியா ஒடைப்ப?"

அவன் வண்டியைக் கிளப்பினான். கொஞ்ச நேரம் கழித்து அவளே, "அன்னிக்கு மில்லுல கேட்டியே… ரொம்பக் கட்டையாவா கீது?" என்றாள். இப்போது அவன் பக்கம் திரும்பியிருந்தாள்.

"எனுக்குக் காதே பாதிதான். அந்தப் பாதியில கேட்டதுக்கே நான் வண்டிய ரெட்டேரி வரைக்கும் ஓட்டிக்கினு போய், இன்னா சத்தம் பாருன்னு காட்டினேன்."

ஜெனிபருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிக்க ஆரம்பித்தவளுக்கு நிறுத்த முடியவில்லை. முதுகைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "அய்ய… எனுக்கு சர்வீஸா?" என்று நடுநடுவே கேட்டாள். சாம்சனும் சிரித்தான். சிரிப்பு ஓய்ந்த பிறகு அவள் தொண்டையைச் செருமிக்கொள்வது கேட்டது. அவன் திரும்பிப் பார்க்காமல் இருந்தான். இடது காதில் அவள் குரல் முதலில் தயங்கி, பிறகு கடம்பத்தூர் ரயில்வே கேட் வரைக்கும் தயங்காமல் வந்தது.

வரப்போரம் காத்திருந்த சுப்பராயன், "சீக்கிரம் வருவீங்கன்னு பார்த்தா இவ்ளோ நேரமாச்சே. கரண்டு வண்டி மெதுவாத்தான் போவுமா?" என்று குறைப்பட்டுக்கொண்டார். நாற்று நட ஆட்கள் வந்து நின்றிருந்தார்கள். பாவம், அவர் அவசரம் அவருக்கு.

"ஆமா சார், இன்னிக்குக் கொஞ்சம் மெதுவாத்தான் வந்துச்சு," என்றான் சாம்சன்.

கடம்பத்தூர் மாதிரி தூரத்து வேலை வந்தால், சார்ஜ் போதாதென்று இப்போது அதை மட்டும் தனி நாளில் வைத்துக்கொள்கிறார்கள். மீஞ்சூர் பக்கம் போனால் கங்கம்மாவின் மில்லில் பிளக்கு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஜெனிபர் இன்னும் வாயை மட்டும்தான் அசைக்கிறாள். சாம்சன் ஆண்கள் பக்கம் நின்றபடி அவளைப் பார்ப்பான். அதெல்லாம் அப்புறம். அன்று சுப்பராயனின் நிலத்தில் முக்காலியை நட்டுச் சங்கிலியை இழுக்க ஆரம்பித்ததும் முதல் குழாய் மேலே வந்தது. ஜெனிபர் குனிந்து கிளாம்பைப் போட்டு, திருகி, தட்டிப் பார்த்தாள்.

"வுடு," என்றாள். அவன் சங்கிலியை விட்டான்.